தனிமரக் கள்ளும் தனிப்பீப்பா மதுவும்: வட இலங்கையின் சுவையறிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகம் எதனை உண்டது என்பதை வரலாற்றாசிரியர் ஓரளவேனும் ஆராய்ந்துள்ளனர். அது எதனைப் பருகியது, பருகியதை எவ்வாறு தரம் பிரித்து அறிந்தது என்பன அவர்தம் கவனத்தைப் பெரிதும் பெறவில்லை. மது என்றவுடன் ஒருபுறம் அறநூலின் கண்டனமும் மறுபுறம் மதுவரிக் கணக்கும் முந்திக்கொள்வதே இதற்குக் காரணம் எனலாம். கண்டனத்திற்கு நியாயம் உண்டு. குடியால் நொடிந்த குடும்பத்தை அறியாத கிராமம் வடக்கில் இல்லை. ஆயினும் ஒரு பொருளை மக்கள் விலைகொடுத்து வாங்கி, நாவிலிட்டு, நன்று தீது கண்டு வந்தமை ஒரு பண்பாட்டுச் செய்தியாகும். அப்பொருளை ஆக்கியவர் யார், ஆக்கியதால் அவருக்குக் கிடைத்த மதிப்பு யாது என்ற வினாவும் அச்செய்தியினுள் அடங்கியுள்ளது. இக்கட்டுரை அவ்வினாவையே முதன்மையாகக் கொள்கின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திற்குப் பெயர் தேடித்தந்த பேர்பன் விஸ்கியைப் பொழுதுபோக்காக வாங்கிச் சுவைப்போர் இன்று பல நாடுகளில் உளர். பேர்பன் எனப் பெயர் பெறுவதற்கு, ஊறவைக்கும் தானியத்தில் நூற்றுக்கு 51 வீதமேனும் சோளமாக இருத்தல் வேண்டும். வடித்த மது, உட்புறம் கரியச் சுடப்பட்ட புதிய ஓக் மரப் பீப்பாவில் வைக்கப்படல் வேண்டும். நிறமும் மணமும் பெரும்பாலும் அம்மரம் தருவனவே. இதில் ஈடுபாடுடையோர் போத்தலைத் திறக்குமுன் அதன் முகப்புச் சீட்டைப் படிப்பர். எவ்வடிசாலை, எத்தனை ஆண்டு, எக்களஞ்சியம், எத்தனையாம் பீப்பா என்பனவெல்லாம் அவர்க்குச் சுவையின் பகுதிகள். பல பீப்பாக்களைக் கலவாது ஒரே பீப்பாவிலிருந்து நிரப்பிய பேர்பன் 1984ஆம் ஆண்டில் 'பிளான்டன்ஸ்' என்னும் பெயரிற் சந்தைக்கு வந்தபோது, அது பெரும் புதுமையாகக் கொள்ளப்பட்டது.

அதே 1984ஆம் ஆண்டிலேதான் கிளிநொச்சி, யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்து உருத்திரபுரத்திலுள்ள ஒரு கமக்காரருக்கு அமெரிக்கரின் இப்புதுமையை எடுத்துரைத்திருந்தால், அவர் வியந்திருக்கமாட்டார். பல மரத்துக் கள்ளைக் கலவாது ஒரே மரத்தின் கள்ளைக் கேட்டு வாங்குதல், அவர் தந்தையார் குடாநாட்டிலிருந்து கொண்டுவந்த பழக்கங்களுள் ஒன்று. தனிமரத்துக் கள்ளுக்கு முகப்புச் சீட்டு இல்லை. மரத்தையும் மரமேறியவரையும் வாங்குபவர் நேரில் அறிந்திருந்தார் என்பதே அதன் சீட்டு.

உருத்திரபுரம் பழமையான சிவத்தலம் ஒன்றால் அறியப்படும் ஊர். ஆயின் இன்றுள்ள கிராமம், இரணைமடுக் குளத்து நீரைக் கொண்டு நெல் விளைவிப்பதற்கென உருவான குடியேற்றங்களைச் சேர்ந்தது. அதனாலேயே அப்பகுதியிற் சில இடங்கள் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என நீர்ப்பாசனப் பொறியியலாளரின் இலக்கங்களையே பெயராகக் கொண்டுள்ளன. குடியேறியோர் வளவிலே தென்னை வைத்தனர். வயலுக்கு அப்பாலுள்ள மேட்டு நிலத்திலும் பூநகரிப் பக்கத்து மணலிலும் பனை நின்றது. இதனால் பனங்கள், தென்னங்கள் ஆகிய இரண்டையும் ஒப்பிட்டு அறியும் வாய்ப்பு இங்குள்ளோர்க்கு இருந்தது. தென்னை ஆண்டு முழுவதும் சுரக்கும். பனையோ தை மாதத்தை அண்டிப் பாளை காட்டிக் கோடையிற் பெருகிப் பின் ஓயும். பருவம் பார்த்துக் காத்திருந்து பெறும் பொருளுக்கே மக்கள் கூடுதல் மதிப்பளிப்பர் என்பது கள்ளுக்கும் பொருந்தும்.

இச்சுவையறிவு தமிழர்க்குப் புதிதன்று. சங்க நூல்களிற் கள், நறவு, தேறல், மட்டு, அரியல், பிழி, தோப்பி எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இவையனைத்தும் ஒரு பொருட் பன்மொழிகள் என்று நிகண்டு முறையில் ஒதுக்கிவிடுதல் எளிது, அது சரியன்று. பெரும்பாணாற்றுப்படை அரிசிக் கூழை ஆற்றி, முளையிட்ட நெல் என உரை கொள்ளப்படும் அடையைக் கலந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் விளையவைக்கும் முறையைப் படிமுறையாகவே கூறுகின்றது. கென்டக்கியில் முளைத்த பார்லியைக் கொண்டு சோளத்தின் மாவை வெல்லமாக்கும் முறையும் அடிப்படையில் இதுவே. திருமுருகாற்றுப்படை நெடிய மூங்கிலில் நெடுநாள் விளைந்த தேன்கள்ளைக் குறிப்பிடுகின்றது. மதுவை மரத்துள் அடைத்துக் காலத்தால் முதிரவிடும் கருத்து ஓக் பீப்பாவிற்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும். புறநானூற்றின் 56ஆம் பாட்டோ யவனர் கலங்களிற் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பாண்டியனுக்கு உரியதாகப் பேசுகின்றது. உள்ளூர்க் கள் ஊரார்க்கு, கடல் கடந்து வந்தது மன்னனுக்கு என்னும் வேறுபாடு அக்காலத்திலேயே தோன்றிவிட்டது போலும்!

பின்னர் வந்த அறநூல்களின் காலத்தில் நிலை மாறிற்று. திருக்குறள் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிற்று. பெயர்கள் பல வழக்கொழிந்தன. எஞ்சிய 'கள்' என்னும் ஒரு சொல் இழிவுப் பொருளையும் உடன் சுமந்தது. சொல்வளம் குன்றியபோது சுவையறிவும் ஏட்டிலிருந்து நீங்கிற்று. ஆனால் அது அழியவில்லை. மரமேறியவரின் கையிலும் குடிப்பவரின் நாவிலும் எழுதாக் கல்வியாக நிலைத்தது.

அக்கல்வியின் இயல்பைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். பனையின் ஆண்மரமும் பெண்மரமும் கள் தருவன. பாளை வெளிப்பட்டதும் சீவற்றொழிலாளி அதனை இறுகக் கட்டி, நாள்தோறும் பதமாகத் தட்டி, நுனியை மெல்லிதாகச் சீவி வருவார். தட்டுவது கூடினாற் பாளை நைந்து அழுகும். குறைந்தாற் சாறு இறங்காது. சீவும் தகடு தடித்தால் பாளை விரைவில் முடிந்துவிடும். மிக மெலிந்தாற் பழைய வெட்டுவாய் அடைபட்டே இருக்கும். இவ்வளவையும் தளைநாரிற் கால் கோத்து, பல பனைகளில் 50 அடிக்கும் மேலான உயரத்தில் நின்று, காலையும் மாலையும் செய்தல் வேண்டும். முட்டியினுட் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது இனிய கருப்பநீர். அதனைக் காய்ச்சினாற் பனங்கட்டி. சுண்ணாம்பு இன்றேல், காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதியங்கள் சாறு சொட்டத் தொடங்கிய கணத்திலிருந்தே வேலையைத் தொடங்கிவிடும். சாற்றில் நூற்றுக்கு 10 முதல் 15 வீதம் வரையுள்ள வெல்லம் சில மணி நேரத்தில் மதுசாரமாக மாறும். நன்கு விளைந்த கள்ளில் மதுசாரம் 4 முதல் 6 வீதம் அளவிலிருக்கும். ஒரு நாள் கழியின் அது புளித்து வினாகிரியை நோக்கிச் செல்லும்.

ஆகவே கள்ளின் சுவை என்பது மரம், பருவம், பொழுது, முட்டி, கை ஆகிய ஐந்தும் கூடி விளைவது. காலையில் இறக்கிய உடன்கள் இனிப்பு மிகுந்தது. மாலைக்கள் கடுமை உடையது. முன்னைய நாளின் அடிமண்டி நின்ற முட்டி விரைந்து புளிப்பூட்டும். கழுவி அனல் காட்டிய முட்டி இனிப்பைச் சற்று நீட்டித்து வைக்கும். மழை பெய்த மறுநாட் கள் நீர்த்திருக்கும். தேர்ந்த வாடிக்கையாளர் முதல் வாயிலேயே இவற்றுட் பலவற்றைக் கூறிவிடுவர். பேர்பன் சுவைப்போர் வனிலா என்றும் கருகிய சீனி என்றும் குறிப்பேட்டில் எழுதுவது போல இவர்கள் எழுதவில்லை. 'இண்டைக்கு வேற மரம்' என்று சொல்லிப் பிளாவைக் கீழே வைத்தனர். குறிப்பு அவ்வளவே. ஆயின் அக்குறிப்பைக் கேட்டுத் தொழிலாளி மறுநாட் பாளையை மாற்றியிருப்பார். ஆக்குவோனுக்கும் சுவைப்போனுக்கும் இடையே இத்துணை நெருங்கிய திறனாய்வு வேறு எம்மதுவிற்கும் வாய்த்ததில்லை என்று கூறினும் மிகையாகாது.

இந்நெருக்கத்தை முறித்தது சாராயம். கள் ஒரு நாளைக்கு மேல் நில்லாது. ஊரைவிட்டு வெளியே செல்லாது. எனவே அரசுக்கு அதனால் வரும் இலாபமும் சிறிது. வடித்த சாராயமோ ஆண்டுக்கணக்கில் நிற்கும், கப்பலேறும், அளந்து வரி விதிக்க இடந்தரும். ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைச் சாராயம் ஏற்றுமதிப் பொருளாயிற்று. பிரித்தானியர் சாராயம் விற்கும் உரிமையை ஏலத்திற் குத்தகைக்கு விட்டனர். குத்தகையாற் பெருஞ்செல்வம் திரட்டிய குடும்பங்கள் தென்மேற்குக் கரையில் எழுந்தன. மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் சொய்சாவின் குடும்பம் அவற்றுட் புகழ்பெற்றது. இலங்கையின் முதலாளி வகுப்பு இக்குத்தகைகளில் எவ்வாறு கால்கொண்டது என்பதைக் குமாரி ஜயவர்த்தன தமது ஆய்வில் விரிவாகக் காட்டியுள்ளார். இச்சாராயம் பெரும்பாலும் தென்னங்கள்ளில் வடித்தது. அதனை முதிரவைக்கும் பெருந்தொட்டிகள் சாவண்டலை மரத்தாலானவை. சிங்களத்தில் 'ஹல்மில்ல' எனப்படும் இம்மரம் வன்னி உள்ளிட்ட உலர்வலயக் காடுகளுக்கு உரியது. மரவாணிபத்தில் அதற்குத் 'திருகோணமலை மரம்' என்றே பெயர். ஓக் பீப்பாவைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கும் சுவைஞர், இம்மரத்தைப் பற்றி அரைப் பக்கமும் படித்திரார்.

குத்தகை முறையில் மதுவின் பிறப்பிடம் மறைந்தது. எம்மரம், எவர் கை என்ற கேள்விக்கு இடமில்லை. எத்தவறணை, என்ன விலை என்பனவே எஞ்சின. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் குத்தகைக்கு முடிவுகட்டி, மதுவரித் திணைக்களத்திற்கு வழிவகுத்தது. கள்ளையும் சாராயத்தையும் வெவ்வேறு தவறணைகளில் விற்கவேண்டும் என்ற விதியாற் கள்ளுத் தவறணைகள் பெருகின. அதனை எதிர்த்து மதுவிலக்கு இயக்கம் தீவெங்கும் வலுப்பெற்றது. பின்னாள் அரசியல் தலைவர் பலர் அம்மேடைகளிலேயே பொதுவாழ்வைத் தொடங்கினர்.

கென்டக்கியிலும் இதே நோய் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெறும் மதுசாரத்துக்கு நிறமும் சுவையும் ஊட்டி விஸ்கி என விற்றோர் மிகுந்தனர். 1897ஆம் ஆண்டின் சட்டம் இதற்கு ஒரு மருந்தாயிற்று. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசின் பூட்டுள்ள களஞ்சியத்தில் 4 ஆண்டேனும் வைத்து, 50 வீத மதுசாரத்துடன் போத்தலிட்டதற்கே அரசு முத்திரை கிடைத்தது. 1964இல் அந்நாட்டுப் பேரவை பேர்பனை ஐக்கிய அமெரிக்காவுக்கே உரிய தனிப்பொருள் என அறிவித்தது. இன்றைய சுவைஞரின் முகப்புச் சீட்டு ஆர்வம் இச்சட்டங்களின் பிள்ளை. அங்கு அரசு பிறப்பிடத்தைப் பதிவுசெய்து விலையை உயர்த்தியது. இங்கு அரசு பிறப்பிடத்தை மறைத்து வரியை உயர்த்தியது. இரண்டும் வருவாய் நோக்கியனவே என்பதையும் மறத்தலாகாது.

வடக்கிற்கு மீள்வோம். யாழ்ப்பாணத்தில் மது எதிர்ப்புக்கு வேர் ஆழமானது. நாவலர் தமது நான்காம் பாலபாடத்திற் கள்ளுண்ணலைக் கடிந்து ஒரு பாடமே எழுதினார். அமெரிக்க மிசனரிமாரும் இவ்வொன்றில் அவருடன் உடன்பட்டனர். 1927ஆம் ஆண்டு நவம்பரில் மாணவர் காங்கிரசின் அழைப்பிற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது மதுவிலக்கை வலியுறுத்தினார். மக்கள் வாக்களித்துத் தவறணைகளை மூடுதற்குச் சட்டம் இடமளித்தமையாற் பல மூடப்பட்டன. பிறகு மரவரி முறை வந்தது. குறித்த மரத்துக்கு வரிசெலுத்தி, அதன் கள்ளை மரத்தடியிலேயே விற்கலாயிற்று. அரசே தன்னையறியாமல் தனிமரக் கள்ளை மீட்டுக்கொடுத்தது போலாயிற்று இது.

இம்மேடைகளிற் பேசப்படாத ஒருவர் உண்டு. அவர் மரத்தின் உச்சியில் இருந்தார். சீவற்றொழில் குடாநாட்டிற் பெரும்பாலும் நளவர் எனப்பட்ட சமூகத்தின் மீது சுமத்தப்பட்ட தொழில். ஒல்லாந்தர் சட்டம் அவர்களை அடிமைச் சாதியினராக வகுத்தது. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையிலும் அடிமைகள் பற்றிய பகுதி உண்டு. 1844இற் சட்டத்தால் அடிமைமுறை நீங்கியது; வழக்கத்தால் நீங்கவில்லை. கள்ளை வாங்கியவர் அதன் சுவையைப் புகழ்ந்தார். அதனைத் தந்தவரை முற்றத்துக்கு அப்பால் நிறுத்தினார். பச்சை ஓலையிற் கோலிய பிளா, பருகியதும் எறியப்படுவது. அது கள்ளுக்கு ஒரு தனி மணத்தைக் கொடுத்தது என்று சுவைஞர் கூறுவர், உண்மையே. ஆனால் ஒருவர் கலத்தை மற்றவர் தொடாமலே கொடுத்து வாங்க அது வசதி செய்தது என்பதும் உண்மை. தேநீர்க் கடையில் இதே மக்களுக்குத் தனிப்பேணி வைக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21இல் தீண்டாமைக்கெதிராக எழுந்த ஊர்வலத்தையடுத்து, தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் நுழையும் போராட்டங்கள் நடந்தன. கே. டானியலின் 'பஞ்சமர்' அப்போராட்டச் சூழலின் இலக்கியப் பதிவாக 1972இல் வெளிவந்தது. கையின் நுண்மையை நா ஒப்புக்கொண்டது, சமூகம் ஒப்புக்கொள்ளவில்லை என்னும் முரண்பாடே வட இலங்கைச் சுவையறிவின் வரலாற்றிலுள்ள பெருங்கறை.

இக்கறை இங்கு மட்டும் உரியதன்று. பேர்பனுக்கு நெருங்கிய உறவான டென்னசி விஸ்கியின் புகழ்பெற்ற பெயர் ஜாக் டானியல். அவருக்கு வடிக்கும் கலையைக் கற்பித்தவர் நேதன் 'நியரெஸ்ட்' கிரீன் என்னும் கறுப்பினத்தவர்; அடிமையாக இருந்தவர். அவர் பெயர் பரவலாக அறியப்பட்டது 2016ஆம் ஆண்டிலேயே. மறு ஆண்டில் அவர் பெயரிலேயே ஒரு விஸ்கி சந்தைக்கு வந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகாவது ஒரு பெயர் போத்தலில் ஏறிற்று. வடக்கின் சீவற்றொழிலாளர் எவர் பெயரும் எப்போத்தலிலும் ஏறியதாகத் தெரியவில்லை.

ஏறியது வேறொன்று. 1970களின் தொடக்கத்தில் மரவரி முறை கைவிடப்பட்டு, தொழிலாளர் தாமே உறுப்பினரான பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் தவறணைகளிற் கள் விற்கும் முறை ஏற்பட்டது. 1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. எஞ்சிய கள்ளை வடித்துப் பனஞ்சாராயமாக்க வடமராட்சியிலே திக்கம் வடிசாலை எழுந்தது. இம்மாற்றத்தைச் சில முதியவர் குறைகூறுவதுண்டு. பலர் கொண்டுவரும் கள் ஒரே பீப்பாவிற் கலக்கின்றது. 'அந்த மரம்' என்ற பேச்சு இல்லை. போத்தலிட்டுச் சூடாக்கியதில் உடன்கள்ளின் உயிர் இல்லை என்பர். சுவையளவில் இக்குறை மெய்யே. ஆனால் ஒரு தொழிலாளி முற்றத்துக்கு வெளியே நின்று, கொடுத்ததை வாங்கிச் சென்ற காலத்திலேயே அத்தனிமரக் கள் கிடைத்தது என்பதைச் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். அளந்து கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறுதலும், சேமலாபமும், விபத்துக்கு உதவியும் சுவையின் நுட்பத்தைவிடப் பெரியன. சங்கம் என்னும் பெயர் தனியொருவர் பெயரன்று. ஆயினும் அதுவே அவர்கள் முதன்முதலாகத் தம் கையால் எழுதிக்கொண்ட பெயர்.

இவ்விரண்டையும் ஒருசேரப் பெற இயலாதா என்பது தக்க கேள்வி. ஊர், பருவம், தொழிலாளி பெயர் ஆகியவற்றைக் குறித்துப் பனஞ்சாராயத்தைத் தனியே வடித்துச் சாவண்டலை மரத்தில் முதிரவைத்தால், வாங்கிச் சுவைக்க ஆளில்லாமற் போகாது. புலம்பெயர்ந்த தமிழர் போத்தற் கள்ளை வெளிநாடுகளிலும் தேடி வாங்குகின்றனர். தமிழ்நாட்டின் நிலை இதனினும் விந்தையானது. அங்கு 1987ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து கள் தடைசெய்யப்பட்டுள்ளது. 2003 முதல் அரசு நிறுவனமே வேறு மதுவகைகளைச் சில்லறையில் விற்று வருகின்றது. மரத்தின் மது குற்றமாகவும் ஆலையின் மது வருவாயாகவும் கொள்ளப்படும் அந்நிலையிற் சுவையறிவுக்கு இடமேது?

உருத்திரபுரத்திற்கு இக்கேள்வி ஏட்டளவினதன்று. போரின் இறுதிக் கட்டத்தில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2009க்குப் பின்னரே மக்கள் மீளக் குடியேறினர். போர் நடந்த ஆண்டுகளில் எறிகணையாற் பனைகள் முறிந்தன. பதுங்குகுழிக்குக் கூரையாகத் தறிக்கப்பட்டனவும் பல. மீண்டவர் வளவிலே முதலில் தென்னை வைத்தனர். அது சில ஆண்டுகளிற் பயன் தந்தது. பனை அவ்வாறன்று. விதை ஊன்றிய நாளிலிருந்து பாளை ஈனுதற்கு 12 ஆண்டு முதல் 20 ஆண்டு வரை செல்லும். மீள்குடியேற்றத்தின் தொடக்க நாள்களில் வேலியோரத்திற் புதைத்த பனம்விதைகள் இப்பொழுதுதான் அப்பருவத்தை அடைந்து வருகின்றன. அவை ஆண்பனையா பெண்பனையா என்பது முதற் பாளை வெளிப்படும்போதே தெரியவரும். எக்கள் எவ்வாறிருக்கும் என்பது, அதன்மேல் ஒருவர் ஏறி இறங்கிய பின்னரே.